இறங்கக் கூடாத மண்

தென்னாபிரிக்காவுக்குப் போய்க் காட்டு மிருகம் பார்த்து வந்தேன் என்று சொன்னால் எங்கள் ஹம்பாந்தோட்டையில் சிரிப்பார்கள். உப்பளத்துக்கும் யாலைக் காட்டுக்கும் நடுவில் பிறந்தவனுக்கு யானை ஒரு புதினமா? வீட்டு வேலியை முறித்துக்கொண்டு வாழைக்குள் புகுந்த யானையைச் சிறுவயதில் உம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி பார்த்தவன் நான். ஆனாலும் 2019 ஜூலையில், ஜொஹன்னஸ்பேர்க்கில் தொழில் பார்க்கும் மருமகன், "மாமா, பத்து நாள் நாமே கார் ஓட்டிக்கொண்டு குரூகர் பூங்கா முழுவதும் போய் வருவோம்" என்றபோது மறுக்க மனம் வரவில்லை. மகளும் பேரனும் நானும் அவருமாக நால்வர் புறப்பட்டோம்.

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்த வாத்தியார் நான். மிருகம் பார்க்கப் போன இடத்திலும் மனிதரின் காலடியைத் தேடும் பழக்கம் என்னை விடவில்லை. தென்னாபிரிக்கா என்றதும் 1684இல் ஒல்லாந்தரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1694இல் இங்கிருந்தே கேப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்காசர் ஷெய்கு யூஸுப் அவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். ஆனால் கேப் நகரம் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. நாங்கள் போனது நாட்டின் வடகிழக்கு மூலைக்கு. அங்கே எனக்கு வேறொரு வரலாறு காத்திருந்தது.

ஒரு காலைக் கீழே வைத்த கதை

குரூகர் தேசிய பூங்கா ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கையைப் பத்துப் பங்காகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. நமது யாலை தேசிய பூங்காவைப் போல் இருபது மடங்கு. கிழக்கே மொசாம்பிக், வடக்கே லிம்போப்போ ஆறும் அதற்கப்பால் சிம்பாப்வேயும். தெற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 360 கிலோமீற்றர் நீளம். இந்த நீளம் முழுவதையும் சொந்த வாகனத்திலேயே ஓடிப் பார்க்கலாம். வழிகாட்டியோ ஜீப் சாரதியோ கட்டாயமில்லை. நம் நாட்டைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். தார்த் தெருவில் மணிக்கு 50 கிலோமீற்றர், கிரவல் தெருவில் 40. அதற்கு மேல் ஓடினால் தண்டம். மாலையில் வாயில் மூடும் நேரத்துக்கு முன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும். ஜூலையில் அது ஐந்தரை மணி.

எல்லாவற்றிலும் பெரிய விதி, வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது. முகாம்களிலும் குறித்த சில ஓய்விடங்களிலும் மட்டுமே இறங்கலாம். யன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டுவதும் குற்றம்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஸ்குகூசாவிலிருந்து லோவர் சாபிக்குப் போகும் ஆற்றோரத் தெருவில் வாகனத்தை நிறுத்தியிருந்தோம். சாபி ஆற்று மணலில் யானைக் கூட்டமொன்று குட்டிகளுடன் நின்றது. மூன்று மணித்தியாலம் மடித்தபடியே இருந்த முழங்கால் விறைத்து விட்டது. தெருவில் எங்களைத் தவிர யாருமில்லை. பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாமா!" என்று மருமகன் போட்ட சத்தத்தில் யானைகள்கூடத் திரும்பிப் பார்த்தன போலிருந்தது. காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு சிங்கமும் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அந்த மண்ணில் இரண்டு வினாடி நின்ற என் கால் மட்டும் அன்று முழுவதும் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மண்ணில் மனிதன் கால் வைக்கக் கூடாது என்ற விதி எப்போது பிறந்தது? அதற்கு முன் இங்கே நடந்தவர்கள் யார்? மிச்ச எட்டு நாளும் தெற்கிலிருந்து வடக்கே போகப் போக, அந்தக் கேள்விக்கான விடைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

கூட்டித் துடைத்தவர்

நாங்கள் நுழைந்த வாயிலில் போல் குரூகரின் பிரமாண்டமான தலைச்சிலை இருக்கிறது. டிரான்ஸ்வால் குடியரசின் கடைசிச் சனாதிபதி அவர். 1898இல் சாபி ஆற்றுக்கும் குரொக்கடைல் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை வேட்டை மிருகக் காப்பிடமாகப் பிரகடனம் செய்தது அவருடைய அரசாங்கம். காட்டை நேசித்த தீர்க்கதரிசியாக அவரைச் சித்திரிக்கும் கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. வரலாற்றாசிரியை ஜேன் கருத்தர்ஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தக் கதையைக் கலைத்துப் போட்டது. 1926இல் தேசிய பூங்காச் சட்டம் நிறைவேறியபோது ஆபிரிக்கானர் மக்களின் ஆதரவைப் பெறுவதற்குப் பொருத்தமான பெயராகக் குரூகரின் பெயர் கண்டெடுக்கப்பட்டது என்பது அவர் காட்டிய உண்மை.

பூங்காவை உண்மையில் உருவாக்கியவர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹமில்டன் என்ற ஸ்கொட்லாந்து இராணுவ அதிகாரி. ஆங்கிலேய–போயர் யுத்தம் முடிந்த 1902இல் காப்பாளராக நியமிக்கப்பட்டு, 1946 வரை பதவியில் இருந்தார். அவர் வந்து செய்த முதல் வேலைகளில் ஒன்று, சாபிக் காப்பிடத்துக்குள் குடியிருந்த ஆபிரிக்க மக்களை வெளியேற்றியது. அந்த மக்கள் அவருக்கு வைத்த பெயர்தான் ஸ்குகூசா. கூட்டித் துடைப்பவர் என்று பொருள் சொல்வார்கள். எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப் போடுபவர் என்றும் சொல்வார்கள். இன்று பூங்காவின் தலைமை முகாமுக்கு அதுவே பெயர். பெற்றோல் நிலையமும் கடையும் வங்கியும் உணவகமும் உள்ள சிறு பட்டணம் அது. வாயிலில் மாட்டியிருக்கும் அந்தப் பெயர், வெளியேற்றப்பட்டவர்கள் வெளியேற்றியவர் மீது வைத்த சாட்சியம். பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் அதை அறிவார்களோ தெரியாது. நானும் முதல் நாள் பேரனை நிறுத்திப் படம் எடுத்தேன். அப்போது எனக்கும் தெரியாது.

அக்கால நியாயங்களை இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. பல தலைமுறையாக வேட்டையாடி உண்டவன் திருட்டு வேட்டைக்காரன் ஆனான். அதே வேளையில் மானினங்கள் பெருக வேண்டும் என்பதற்காகச் சிங்கம், காட்டு நாய், முதலை முதலியவற்றைக் காவலர்களே சுட்டுத் தள்ளினார்கள். காப்பிடத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் வாடகையோ உழைப்போ கொடுக்க வேண்டியிருந்தது. மொசாம்பிக்கிலிருந்து அனுமதிச் சீட்டின்றி வந்து பிடிபட்டவர்கள் தெருப் போடும் வேலையில் இறக்கப்பட்டார்கள். நான் சாய்ந்து உட்கார்ந்து வரிக்குதிரை எண்ணிக்கொண்டு போன தெருக்கள் சிலவற்றின் அடியில் அந்தக் கைகளின் வியர்வை கிடக்கிறது.

ஸ்டீவன்சன் ஹமில்டனைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தக் காடு பண்ணைகளாகவும் சுரங்கங்களாகவும் துண்டுபட்டுப் போயிருக்கும் என்பதும் உண்மை. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே காட்டைக் காவல் காத்தவர் அவர். 1937இல் அவர் எழுதிய நூலுக்குத் தென்னாபிரிக்க ஏதேன் என்று பொருள்படும் பெயரை இட்டார். மனிதன் வெளியேற்றப்பட்ட தோட்டம் அல்லவா ஏதேன்! அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரோ என்னவோ.

ஒரு யுத்தம், இரண்டு காடுகள்

ஸ்குகூசாவில் அவர் பெயரால் அமைந்த நூலகமும் சிறு அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1903இல் தன்னை இழுத்துச் சென்ற சிங்கத்தைக் கத்தியால் குத்திக் கொன்று தப்பிய ஹரி வோல்ஹூட்டர் என்ற காவலரின் கத்தியைப் பேரன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். என் மனம் வேறெங்கோ போய்விட்டது. 1902 என்ற ஆண்டு என்னை ஊருக்கு இழுத்து வந்தது.

அந்த யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகளில் ஏறத்தாழ 5,000 பேரை ஆங்கிலேயர் இலங்கைக்குக் கப்பலேற்றினர். 1900 ஆகஸ்டில் முதல் தொகுதி வந்து சேர்ந்தது. தியத்தலாவையில் பெரிய முகாம். றாகமையிலும் கல்கிசையிலும் எங்கள் ஹம்பாந்தோட்டையிலும் சிறிய முகாம்கள். யுத்தம் முடிந்ததும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். அநேகர் செய்தார்கள், போனார்கள். செய்ய மறுத்த ஒருவர் ஏங்கல்பிரெக்ற். அவர் ஹம்பாந்தோட்டையிலேயே தங்கிவிட்டார். பின்னர் யாலைக் காப்பிடத்தின் முதலாவது காவல் அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் அவரே. முதலாம் உலக யுத்தம் மூண்டபோது, ஜேர்மன் போர்க்கப்பலான எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் சிறையிலும் இடப்பட்டார். எம்டன் என்ற சொல்லைக் கெட்டிக்காரனுக்கும் தந்திரக்காரனுக்கும் இன்றும் நாம் வழங்குகிறோம். அந்தக் கப்பலின் நிழல் எங்கள் ஊர்க் காட்டுக் காவலர் ஒருவர் மீதும் விழுந்தது என்பதை நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

வாப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது, "அவன் ஊரை ஆள வந்த வெள்ளைக்காரனில்லை, ஊரை இழந்த வெள்ளைக்காரன்" என்பார். ஸ்குகூசாவில் நின்றபோதுதான் அந்த வரலாற்றின் மறுபாதி கையில் கிடைத்தது. ஒரே யுத்தம். வென்ற தரப்பு அதிகாரி தோற்றவர்களின் நாட்டில் காட்டுக்குக் காவலராகிறார். தோற்ற தரப்புக் கைதி நம் நாட்டில் காட்டுக்குக் காவலராகிறார். ஏங்கல்பிரெக்றுக்குத் தன் சொந்த மண்ணை மிதிக்கும் பாக்கியம் இல்லாமற் போயிற்று. ஆனால் இந்த இருவரின் கதையாவது எழுதப்பட்டிருக்கிறது. சாபி ஆற்றோரத்திலிருந்து கூட்டித் துடைக்கப்பட்டவர்களின் கதைக்கு ஒரு பெயர்தான் மிச்சம்.

மூன்று கார்கள்

ஸ்குகூசாவில் ஆற்றைக் கடக்கும் பழைய ரயில் பாலம் ஒன்று உண்டு. செலாட்டி ரயில் பாதை. பொன் வயல்களை நம்பி 1890களில் தொடங்கப்பட்டு, ஊழலில் மூழ்கி நின்றுபோய், 1912இல்தான் முடிக்கப்பட்டது. 1923இல் ஒன்பது நாள் சுற்றுலா ரயில் இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. மிருகம் பார்க்க வந்த முதல் உல்லாசப் பயணிகள் அந்த ரயிலில் வந்தவர்களே. காசு கொடுத்து மிருகத்தைச் சுட வந்த காலம் போய், காசு கொடுத்துப் பார்க்க வரும் காலம் அங்கே பிறந்தது. 1973இல் ரயில் ஓட்டம் நின்றது. நாங்கள் பார்த்தபோது பாலம் வெறுமையாகக் கிடந்தது. 2020 முடிவில் அதன் மேலேயே ரயில் பெட்டிகளை நிறுத்தி ஆடம்பர ஹோட்டல் திறந்துவிட்டார்கள்.

தனியார் மோட்டார் வாகனங்களுக்குப் பூங்கா திறக்கப்பட்டது 1927இல். அந்த ஆண்டு வந்தவை மூன்றே மூன்று கார்கள். அடுத்த ஆண்டு 180. அதன்பின் தெருக்கள் நீண்டன, வட்டக் குடிசைகளோடு முகாம்கள் எழுந்தன. இன்று வருடமொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து போகிறார்கள். ஆபிரிக்கக் கிராமத்தவனின் வட்டக் குடிசை அவனை அனுப்பிவிட்ட பின் உல்லாசப் பயணியின் தங்குமிடமாகியது. புல் வேய்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், உள்ளே மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி. சுகமான தங்குமிடம்தான், மறுக்கவில்லை. சமையல் திண்ணையில் மகள் கோழிக்கறி வைக்க, வெர்வெற் குரங்கொன்று வந்து பாணைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கதிர்காமத்துக் குரங்குகளைவிடக் கைகாரக் குரங்கு.

அங்கிருந்து வடக்கே சட்டாரா. இந்தப் பெயரின் பின்னாலும் நமக்குக் கிட்டிய ஒரு கதை சொல்வார்கள். நிலம் அளந்த காலத்தில் உதவியாளாயிருந்த இந்தியர் ஒருவர் பதினேழாம் இலக்கப் பண்ணையை அவருடைய மொழியில் "சத்ரா" என்று குறித்தாராம். அதுவே சட்டாராவாகியது. அந்தப் புல்வெளியில் ஒரு காலை, தெருவின் நடுவிலேயே ஏழு சிங்கங்கள் படுத்திருந்தன. முன்னும் பின்னும் இருபது கார்கள். எவரும் ஹோன் அடிக்கவில்லை. அரை மணித்தியாலத்தின் பின் அவை தாமாகவே எழுந்து, எங்கள் கதவை உரசாத குறையாக நடந்து போயின. பெண் சிங்கமொன்றின் கண் ஒரு கணம் என் கண்ணைச் சந்தித்தது. யன்னல் கண்ணாடி இல்லாதிருந்தால் நான் யார், அது யார் என்பது அப்போது விளங்கியது. இறங்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த விதிக்கு ஒரு வரலாறும் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

விளக்கில்லாத முகாம்

ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு அருகில் பலூலே என்ற சிறிய முகாம் இருக்கிறது. ஒரு சில குடிசைகளும் கூடாரம் அடிக்க ஒரு வெளியும்தான். மின்சாரம் இன்றுவரை கிடையாது. இரவானால் மண்ணெண்ணெய் விளக்கு. அமைதியை விரும்பும் பயணிகள் அதைத் தேடிப் போகிறார்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் வெள்ளையரல்லாத விருந்தினருக்கென ஒதுக்கப்பட்டிருந்த முகாம் அது.

நாங்கள் அங்கே ஓர் இரவு தங்கினோம். வேலிக்கு அப்பால் கழுதைப்புலி ஊளையிட்டது. விளக்கைத் தணித்துவிட்டு நான் கணக்குப் பார்த்தேன். என்னையும் என் பிள்ளைகளையும் போன்ற நிறத்தவர்கள் அன்றைக்கு வந்திருந்தால் ஸ்குகூசாவின் ஆற்றோரக் குடிசை நமக்கில்லை. தொழிலாளியாக உள்ளே வரலாம், விருந்தினனாக வந்தால் ஓரத்துக்குப் போக வேண்டும்.

ஊர் திரும்பிய பின், 2020இல் வெளிவந்த யாக்கொப் டிலாமினியின் நூலைத் தேடிப் படித்தேன். குரூகர் பூங்காவின் சமூக வரலாறு அது. கறுப்பின மக்கள் இந்தப் பூங்காவில் வெளியேற்றப்பட்டவர்களாகவும் வேலைக்காரர்களாகவும் மட்டும் இருக்கவில்லை. அத்தனை தடைக்குள்ளும் பயணிகளாக, பார்வையாளராக, தங்களுக்கும் இந்தக் காட்டின் அழகில் உரித்துண்டு என்று நம்பியவர்களாக வந்திருக்கிறார்கள் என்று அவர் நிறுவுகிறார். அதைப் படித்ததும் பலூலேயின் விளக்கு எனக்கு வேறொரு வெளிச்சம் தந்தது. ஒதுக்கப்பட்ட முகாமுக்கும் மனிதர்கள் ஆசையோடு வந்திருக்கிறார்கள். அவமானத்தின் சின்னமாக மட்டும் நான் கண்ட இடம் அவர்களுடைய பிடிவாதத்தின் சின்னமுமாகும்.

நடந்து வந்தவர்கள்

லெட்டாபாவுக்கு அப்பால் நிலம் மாறுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மொப்பானே மரங்கள். மிருகம் குறைவு, வாகனமும் குறைவு. மகரக் கோட்டைத் தாண்டும் இடத்தில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அந்த நீண்ட வெறுமையில் நடந்து போனவர்களைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

பொன் சுரங்கங்களுக்கு ஆள் சேர்த்த நிறுவனம் மொசாம்பிக்கிலிருந்து ஆயிரமாயிரம் பேரை வடக்கு மூலையான பஃபூரி வழியாகக் கொண்டு போனது. அனுமதியின்றிப் போனவர்கள் இரவில் காட்டை ஊடறுத்து நடந்தார்கள். 1959இல் மேற்கு எல்லைக்கு வேலி போடத் தொடங்கி 1961இல் முடித்தார்கள். மாட்டு நோய் பரவாமல் தடுப்பது ஒரு நோக்கம். 1970களில் கிழக்கு எல்லையும் அடைபட்டது. 1980களில் மொசாம்பிக் உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பியோடிய அகதிகள் அந்த வேலியையும் தாண்டி, குழந்தைகளைச் சுமந்துகொண்டு, இதே காட்டை நடந்து கடந்தார்கள். வழியில் சிங்கங்களுக்கு இரையானவர்களும் உண்டு. அவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வைத்தவரில்லை. அகதி என்ற சொல்லின் பாரத்தை நம்மைப் போல் அறிந்தவர்கள், அந்த மொப்பானே காட்டைப் பார்த்துவிட்டு, சிங்கம் காணக் கிடைக்கவில்லை என்று குறைப்பட மாட்டார்கள்.

இன்றும் இரவில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். காண்டாமிருகக் கொம்புக்காக வருபவர்கள் அவர்கள். 2014ஆம் ஆண்டில் மட்டும் தென்னாபிரிக்காவில் கொல்லப்பட்ட 1,215 காண்டாமிருகங்களில் 827 இந்தப் பூங்காவுக்குள் கொல்லப்பட்டவை. கொம்பு வாங்குபவன் தொலைதூர நகரத்தில் இருக்கிறான். துவக்கோடு வருபவன் பெரும்பாலும் வேலியோரக் கிராமத்து வறிய இளைஞன். அவனைத் தடுக்கப் போய் உயிரைப் பணயம் வைப்பவனும் அயல் கிராமத்தவன்தான். நான் அனுதாபத்தோடு நினைக்கும் நடந்தவர்களின் வரிசையில் இவனையும் சேர்ப்பதா என்று எனக்குள் வழக்காடினேன். சேர்க்க மனம் வரவில்லை. ஆனால் பூங்காவால் எந்தப் பலனும் காணாத கிராமம் பூங்காவை எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியைத் தட்டிக் கழிக்கவும் முடியவில்லை.

துலமேலா

எட்டாம் நாள் புண்டா மரியாவை அடைந்தோம். அங்கிருந்துதான் துலமேலாவுக்குப் போக வேண்டும். ஆயுதம் தாங்கிய வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. வாகனம் ஓரிடத்தில் நின்றது. "இனி நடை" என்றார் வழிகாட்டி. ஒரு வாரத்தின் பின் காட்டு மண்ணில் இரண்டு காலையும் வைத்து நடந்தேன்.

குன்றில் ஏறினால் பெருக்க மரங்கள். எங்கள் மன்னாரில் அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் அதே மரம். அவற்றுக்கிடையே சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய மதில்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டுவரை இங்கே ஓர் அரசு செழித்திருந்தது. 1980களில்தான் இந்தச் சிதைவு ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. 1990களில் அகழ்ந்து மதில்களைத் திருத்தினார்கள். 1996இல் இரண்டு கல்லறைகள் திறக்கப்பட்டன. பொன் காப்பு அணிந்த ஒரு பெண். இன்னொன்று ஓர் ஆண். அயல் சமூகங்களின் வேண்டுகோளுக்கிணங்க அந்த எலும்புகளை மீண்டும் அங்கேயே அடக்கினார்கள். மனித எச்சங்களை நூதனசாலைப் பெட்டிக்குள் வைப்பதே வழக்கமாயிருந்த நாட்டில் அது ஒரு பெரிய மாற்றம்.

அகழ்வில் கிடைத்தவற்றுள் கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கான் துண்டும் இருந்தன. கடலிலிருந்து பல நாள் நடைத் தூரத்திலுள்ள குன்றின் உச்சியில் சீனப் பீங்கான்! எப்படி வந்தது? கிழக்கே சொபாலாத் துறைமுகம். அங்கே சுவாஹிலி முஸ்லிம் வணிகர். அவர்களுக்கு வடக்கே கில்வா. இந்த உள்நாட்டுப் பொன்னும் தந்தமும் போய்ச் சேர்ந்த கடற்கரை அது. இப்னு பதூதா 1331இல் கில்வாவுக்குப் போனார். சொபாலாவையும் உள்நாட்டிலிருந்து அங்கே வரும் பொன்னையும் பற்றிக் கேள்விப்பட்டு எழுதினார். துலமேலாவின் செழிப்பு அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. ஆனாலும் பாதை அதே பாதைதான். அதே மனிதர் 1344இல் நம் கரையில் இறங்கிப் பாவாதமலை ஏறினார். 1505இல் போர்த்துக்கேயர் சொபாலாவில் கோட்டை கட்டினர். அதே 1505இல்தான் அவர்கள் கொழும்புக்கு வந்ததாக நம் பாடநூல்கள் சொல்லும். நம் முன்னோரைக் கொண்டுவந்த பருவக்காற்றும், நம் முன்னோரின் வணிகத்தை முறித்த பீரங்கியும், இந்தக் குன்றின் மனிதர்களையும் தொட்டிருக்கின்றன. வெறுங்காடு என்று யார் சொன்னது இதை?

கால் வைத்த மண்

வழிகாட்டி அறுபதை எட்டியவர். சொங்கா மொழி பேசும் மக்குலேக்கே சமூகத்தவர். குன்றின் ஓரத்தில் நின்று, லுவுவு ஆறும் லிம்போப்போவும் சந்திக்கும் பக்கம் கையை நீட்டினார். "நான் பிறந்தது அங்கே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை வரலாறு சொல்கிறது.

இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட பஃபூரி முக்கோணத்தில் வாழ்ந்தவர்கள் மக்குலேக்கே மக்கள். 1969இல், ஏறத்தாழ 3,000 பேரைத் துவக்கு முனையில் லொறிகளில் ஏற்றித் தெற்கே கொண்டு போனது நிறவெறி அரசாங்கம். புறப்படுவதற்கு முன் தங்கள் குடிசைகளுக்குத் தங்கள் கையாலேயே தீ வைக்கும்படி அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், 1994ஆம் ஆண்டின் நில மீட்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் உரிமை கோரினார்கள். 1998இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டெயர் நிலத்தின் உறுதி அவர்கள் கைக்கு வந்தது.

அதன்பின் நடந்ததுதான் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. அவர்கள் திரும்பிக் குடியேறவில்லை. காட்டைக் காடாகவே விட்டு, பூங்கா நிருவாகத்தோடு சேர்ந்து பராமரிக்க ஒப்புக்கொண்டார்கள். உல்லாச விடுதிகளை நடத்தும் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்து, அந்த வருமானத்தையும் தொழில்களையும் சமூகத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிலத்தின் ஈரநிலங்கள் 2007இல் சர்வதேச முக்கியத்துவம் பெற்றவையாகப் பதியப்பட்டன. காட்டைக் காக்க மனிதனை அகற்ற வேண்டும் என்று நூறு வருடம் சொல்லி வந்த நாட்டில், அகற்றப்பட்டவர்களே காட்டைக் காக்கிறார்கள். வருமானம் போதுமா, எல்லோருக்கும் போய்ச் சேர்கிறதா என்ற சச்சரவுகள் அங்கும் உண்டு. மனிதர் இருக்குமிடத்தில் சச்சரவு இல்லாமலிருக்குமா? ஆனால் அது உரிமையாளருக்குள் நடக்கும் சச்சரவு.

"திரும்பிப் போய் வீடு கட்ட ஆசையில்லையா?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். சிரித்தார். "போகலாம் என்றால் போதும். போய்த்தானாக வேண்டும் என்றில்லை" என்றார். வாத்தியார் வேலை பார்த்த காலம் முழுவதும் உரிமை என்ற சொல்லுக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பத்தாம் நாள் பஃபூரி வாயிலால் வெளியேறினோம். காவலர் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்து, எத்தனை பேர் என்று கேட்டார். நால்வர் என்றோம். எண்ணிப் பார்த்துவிட்டுத் தடையை உயர்த்தினார். உள்ளே வந்தவர்களை எண்ணுகிறார்கள், போகிறவர்களை எண்ணுகிறார்கள். 1902இல் போனவர்களை அப்படி எண்ணியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

ஊர் திரும்பிய சில மாதத்தில், விடுமுறைக்கு வந்த பேரனை யாலைக்குக் கூட்டிப் போனேன். ஜீப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் சிறுத்தை எத்தனை, கரடி எத்தனை என்று சாரதியைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பேரன் என் காதருகே வந்து, "மூத்தாப்பா, இங்கே முந்தி யார் இருந்தாங்க?" என்றான்.

ஏங்கல்பிரெக்றில் தொடங்கினேன். அவருக்கும் முந்தியவர்களைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் வாயிலுக்கு வந்துவிட்டது.